அழியாது என்று நான் சொன்ன படம்

அந்தக் கணினிச் சேவர் முதல் தடவை விழுந்தபோது நான் மின்சாரத்தைத் திட்டினேன். இரண்டாம் தடவை விழுந்தபோது டிஸ்க் செய்தவனைத் திட்டினேன். மூன்றாம் தடவை ஒரு மனிதரின் கண்ணுக்கு முன்னால் விழுந்தது. அப்போது திட்டுவதற்கு என்னைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை.

நான் யாழ்ப்பாணத்தில், சண்டிலிப்பாயில் இருந்து ஸ்கூட்டியில் ஓடித் திரிந்து நாலைந்து அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். கோப்பாயில் உள்ள நில அளவையாளரின் அலுவலகம் அவற்றில் ஒன்று. அறுபது தாண்டிய மனிதர். அவருடைய தகப்பனாரும் அதே தொழில். வீட்டு விறாந்தையை அடைத்து அலுவலகமாக்கி, இரண்டு கணினி, ஒரு பெரிய அச்சு இயந்திரம், காணி அளக்கிற ஒரு பழைய தியோடலைட், சுவரில் சரஸ்வதி படம் என்று வைத்திருந்தார். சரஸ்வதிக்கு நேர் கீழே, ஒரு முக்காலியில், நான் கட்டிக்கொடுத்த லினக்ஸ் சேவர்.

அவருக்கு ஒரு பிடிவாதம். கையெழுத்து வைக்காத படம் அவருடைய வாசலைத் தாண்டாது. தூரத்தில் இருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர் ஒரு போட்டோக்கொப்பியாவது தாருங்கோ என்று கெஞ்சுவார்கள். தரமாட்டார். கையெழுத்து இல்லாத காணிப் படம் ஊரில் உலாவினால் ஒரு வேலி ஒன்பது வேலியாகிவிடும் என்பார். அது சரிதான். ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு.

ஆவணி மாதம் அவருடைய தகப்பனாரின் அலுமாரியில் கறையான் கண்டோம். அதற்குள் அந்த மனிதர் ஆயுள் முழுக்கக் காணி அளந்து எழுதிய களப் புத்தகங்கள் இருந்தன. பென்சிலில் கோடு கீறி, பக்கத்தில் அளவு எழுதி, கிணறு எங்கே, பூவரசு எங்கே, ஒழுங்கைப் பாதை எந்தப் பக்கம் வளைகிறது என்று எல்லாம் குறித்த புத்தகங்கள். அரைவாசி மண்ணாகிவிட்டது. மிச்சத்தை ஸ்கேன் செய்து சேவரில் போட்டுவிட்டு, கறையான் வீட்டுக்கும் பரவாமல் புத்தகங்களைக் கொளுத்திவிடலாம் என்று சொன்னது நான்தான். வேறு யாருமில்லை.

அவருக்கு மனமில்லை. சேவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளே என்ன இருக்கிறது, எப்படி அது நினைவு வைத்திருக்கிறது என்று கேட்டார். நானும் பெருமையோடு முன்பக்கத்துத் தட்டு ஒன்றை நெம்பி வெளியே இழுத்துக் காட்டினேன். நாலு தட்டு, தட்டுக்கு ஒரு டிஸ்க். ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றும் சேர்ந்து சமாளிக்கும் என்றேன். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. அப்போது எனக்கு ஒரு உவமை வந்தது. அதற்காக இன்றைக்கும் என் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

"அண்ணை, உள்ளுக்கை பின்பக்கத்திலை ஒரு பச்சைப் பலகை இருக்கு. நாலு டிஸ்க்கும் போய் அதிலைதான் கொழுவும். உங்கடை கோயிலிலை மூலஸ்தானம் மாதிரி எண்டு வையுங்கோவன்."

"அப்பிடிச் சொல்லும் பிள்ளை," என்றார். முகம் தெளிந்துவிட்டது. நாங்கள் தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரர். மூலஸ்தானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் எடுபட்டுவிட்டதே என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்.

ஸ்கேன் எல்லாம் முடிந்து புத்தகங்கள் எரிந்த அன்று காலை புத்தளத்தில் இருந்து ஒருவர் வந்திருந்தார். அவருக்கும் அறுபது இருக்கும். வெள்ளைத் தொப்பி, தோளில் ஒரு துணிப்பை. யாழ்ப்பாண நகரத்தில் அவருடைய வாப்பாவுக்கு ஒரு வீடும் வளவும் இருந்தன. தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம் சனங்களை எல்லாம் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு போனவர்கள். சண்டை முடிந்து திரும்பிவந்து பார்த்தபோது வளவில் வேறொருவர் இருந்தார். தான் வாங்கிய காணி என்றார் அவர். காட்டிய காணி உறுதிப் பத்திரத்தில் எல்லைகள் எல்லாம் வேறு மாதிரி இருந்தன. வழக்குப் போடவேண்டுமென்றால் இவரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அந்த வளவை எழுபதுகளில் அளந்தவர் எங்கள் நில அளவையாளரின் தகப்பனார் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்திருக்கிறார்.

புத்தகம் அகப்பட்டது. பக்கமும் அகப்பட்டது. நடுவில் கறையான் ஒரு சதக் காசு அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. மற்றப்படி முழுசாக இருந்தது. அவர் அந்தப் பக்கத்தைத் தொட்டார். கிணற்றைத் தொட்டார். ஒழுங்கையைத் தொட்டார்.

நில அளவையாளர் முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் கூப்பிட்டு, வழக்கம்போல, "நானா, காணிக் கந்தோருக்குப் போய் உங்கடை வாப்பாவின்ரை உறுதி நம்பரை எடுத்துக்கொண்டு வாங்கோ. அதைப் பார்த்து நான் படத்தைக் கீறிச் சைன் வைச்சுத் தாறன். உது வெறும் குறிப்பு, உதைத் தரேலாது," என்றார்.

அந்த மனிதர் முற்றத்தில் கிடந்த புத்தகக் குவியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதைக் கொளுத்தினா, பிறகு கம்பியூட்டருக்குள்ள இருக்கிறது அழிஞ்சு போகாதா?"

"அழியாது நானா," என்றேன். "கறையான் உதுக்குள்ளை போகேலாது. பயப்பிடாமல் போட்டு வாங்கோ."

அவர் தலையை ஆட்டினார். பின்னேரம் நில அளவையாளர் மண்ணெண்ணெய் ஊற்றினார். நன்றாகவே எரிந்தது.

புரட்டாதியில் ஆயுத பூசை வந்தது. அந்த அலுவலகத்தில் அது பெரிய நாள். தியோடலைட், சங்கிலி, அளவு நாடா, கணினி என்று எல்லாவற்றையும் துடைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து ஒரு நாள் ஓய்வு கொடுப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நின்றேன். அவர் பூவைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் நீட்டிவிட்டு, தருவதா விடுவதா என்று நெளிந்தார். நான் வாங்குவதா விடுவதா என்று நெளிந்தேன். இரண்டு பேரும் வெட்கப்பட்டதுதான் மிச்சம். அடுத்த வருடத்தில் இருந்து பூசை என்றால் நான் வரமாட்டேன். அடுத்த நாள் எனக்கென்று அவலும் கடலையும் ஒரு கிண்ணத்தில் மூடி வைத்திருப்பார்கள். என்ன செய்தார்கள் என்று நான் கேட்பதில்லை. செய்ததை அவர்களும் எனக்குச் சொல்வதில்லை. சேவர்ப் பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு இருக்கும். அதை நான் ஒருநாளும் துடைத்ததில்லை. எங்களுக்குள் இருந்த மரியாதை அது.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கிய கிழமை சேவர் விழுந்தது.

விழுந்தது என்றால் வெடித்துப் புகைந்தது என்று நினைக்கவேண்டாம். அப்படி என்றாலும் நிம்மதியாக இருந்திருக்கும். எல்லா விளக்கும் எரியும், விசிறி சுற்றும், படங்களும் திறக்கும். ஆனால் ஒன்றையும் சேமிக்க விடாது. வாசிக்க மட்டும்தான் முடியும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கும். லினக்ஸ் தன் டிஸ்க்கின் மேல் நம்பிக்கை இழந்தால் செய்கிற வேலை அது. மேலும் கெடுத்துவிடாமல் கையைக் கட்டிக்கொள்ளும். நல்ல குணம்தான். ஆனால் ஏன் நம்பிக்கை போனது என்று கேட்டால் பக்கம் பக்கமாகப் புலம்புமே தவிர, விஷயத்துக்கு வராது.

சேவர் தன் கோளாறுகளை எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். முதலாம் டிஸ்க் ஒரு நேரம் பதில் சொல்லி, ஒரு நேரம் சொல்லாமல் மற்ற மூன்றையும் குழப்பியிருந்தது. மின்சாரம்தான் காரணம் என்று யூபிஎஸ்ஸை மாற்றினேன். நிறுத்தி ஏற்றினேன். பழுதுபார்க்கும் கட்டளையை ஓடவிட்டேன். இரண்டு மணித்தியாலம் ஓடி எல்லாம் சரி என்றது. மூன்று நாள் வெயில். மூன்று நாளும் ஒரு பிரச்சினை இல்லை. எனக்குப் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு.

நாலாம் நாள் மழை பெய்தது. திரும்பவும் விழுந்தது. இந்தத் தடவை பதிவேட்டில் மூன்றாம் டிஸ்க்கின் பெயர். முதலாமவன் நல்ல பிள்ளையாக இருந்தான். எனக்கு விசர் வந்தது. நினைவகத்தை ஒரு நாள் முழுக்கச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. கேபிள்களை மாற்றினேன். இணையத்தில் கேட்டால் ஒருவன் லினக்ஸின் கேர்னலைப் பழசாக்கு என்கிறான், இன்னொருவன் புதிசாக்கு என்கிறான், மூன்றாமவன் நான் ஏன் இந்த வகைக் கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்தேன் என்று எனக்கே பாடம் எடுக்கிறான். கொழும்பில் இருந்து புது டிஸ்க் ஒன்று வரவழைத்து மூன்றாவதை மாற்றினேன். பழைய டிஸ்க்கை வெளியே எடுத்தபோது சந்தன வாசம் வந்தது. மேலே சரஸ்வதி படம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை தவறாமல் ஊதுபத்தி, வாசம் வரத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். கழற்றிய அந்த டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தால் அதில் ஒரு குறையும் இல்லை. அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை.

அந்த இரண்டாம் தடவையில்தான் நான் பெரிய பிழை விட்டேன். பழுதுபார்க்கும் கட்டளை ஆயிரக்கணக்கான திருத்தங்களைச் செய்தது. ஆம், ஆம், ஆம் என்று ஒரே விசையை அழுத்தினேன். கடைசியில் சரி என்றது. அன்றைய வேலைப் படங்கள் திறந்தன. நில அளவையாளர், "அப்பாடா," என்றார். நானும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பழைய புத்தகங்களின் ஃபோல்டரைத் திறந்து பார்க்கவில்லை. அதைத் தினமும் யார் திறக்கிறார்கள்?

அடுத்த கிழமை ஒரு காலை, புத்தளத்து நானா நனைந்துகொண்டு வந்தார். காணிப் பதிவு அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்து உறுதி இலக்கத்தை எடுத்திருந்தார். சட்டைப் பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் நாலாக மடித்த கடதாசி. இதற்கிடையில் போட்ட வழக்கு திங்கட்கிழமை. படம் இல்லாவிட்டால் வழக்கைத் தள்ளிவிடுவார்கள் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அன்று வெள்ளிக்கிழமை.

நில அளவையாளர் ஃபோல்டரைத் திறந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன்.

"பிள்ளை, இதிலை ஒண்டையும் காணேல்லையே."

நான் போய்ப் பார்த்தேன். ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

பதறக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதற்காகத்தானே வேறொரு டிஸ்க்கில் தினமும் ஒரு பிரதி எடுக்க ஒழுங்கு செய்திருக்கிறேன். அதை இணைத்தேன். அதிலும் அந்த ஃபோல்டர் வெறுமை. சில வினாடிகள் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சேவரில் எது இருக்கிறதோ அதே பிரதியிலும் இருக்கவேண்டும், சேவரில் இல்லாததைப் பிரதியிலிருந்தும் அழித்துவிடு என்று கட்டளை எழுதி வைத்திருந்தேன். நான்தான் எழுதினேன். இடம் மிச்சப்படும் என்று எழுதினேன். இங்கே காணாமல் போனவற்றை அது அன்றைக்கே அங்கேயும் பக்குவமாகத் துடைத்துவிட்டிருக்கிறது.

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அழவில்லை. அதற்குப் பதிலாக மேசையில் குத்தினேன். நில அளவையாளரின் தேநீர் துள்ளி வரைதாளில் சிந்தியது.

நானா உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையிலிருந்து எழும்பவில்லை. "கொஞ்சம் மெதுவாப் பாருங்க தங்கச்சி," என்றார். "நான் எங்கயும் போகல்ல."

லினக்ஸில் ஒரு மூலை உண்டு. திருத்தும்போது எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று தெரியாத ஃபைல்களை எல்லாம் பெயரை உரித்து, இலக்கம் ஒட்டி, அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிடும். தொலைந்து அகப்பட்டவை என்பது அந்த மூலையின் பெயர். அதைத் திறந்தேன். ஆயிரக்கணக்கில் இலக்கங்கள். பெயர் இல்லை, திகதி இல்லை, ஊர் இல்லை. ஆனால் படங்கள்! ஒன்றைத் திறந்தேன். பென்சில் கோடு. யாருடையதோ கிணறு. இருக்கிறது, எங்கேயோ இதற்குள் இருக்கிறது என்று நான் சத்தம் போட்டேன். இரண்டாவதைத் திறந்தேன். மூன்றாவதைத் திறக்கும்போது வெளியே இடி இடித்து மழை கொட்டியது. திரை உறைந்தது. பதிவேட்டில் இரண்டாம் டிஸ்க்கும் நாலாம் டிஸ்க்கும் ஒன்றாகப் போயிருந்தன. ஒன்று போனால் மற்ற மூன்றும் சமாளிக்கும். இரண்டு போனால் முழுச் சேவரும் அம்போ.

நான் நானாவின் பக்கம் திரும்பினேன். என்ன சொல்வது? அழியாது என்று சொன்னவள் நான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி உதறி, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு வாறன்," என்றார். நகரத்தில் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் நின்றுகொள்வாராம். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அடித்துச் சாத்தியிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை என் வீட்டில் இருந்த இன்னொரு சேவர்ப் பெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வந்தேன். நாலு டிஸ்க்கையும் கழற்றி இதில் போட்டுப் பார்ப்போம், இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்ற நிலை. இவ்வளவு நாளும் ஒரு நேரத்தில் ஒரு தட்டைத்தான் இழுத்திருக்கிறேன். அன்றுதான் முதல் தடவையாக நாலையும் ஒன்றாக வெளியே எடுத்தேன். ஏதாவது தூசி கிடக்கிறதா என்று கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தேன்.

உள்ளே, பின்பக்கத்துப் பச்சைப் பலகையில், ஒவ்வொரு இணைப்புக்கும் மேலே ஒன்றாக நாலு சந்தனப் பொட்டு. பொட்டுக்கு நடுவே குங்குமம். அளவெடுத்து வைத்த மாதிரி, ஒரே வட்டம், ஒரே உயரம். மழை ஈரத்தில் ஊறி, நாலும் பொருமி, குங்குமம் கரைந்து வழிந்து, டிஸ்க் வந்து கொழுவுகிற பித்தளைப் பற்களுக்கு மேல் இறங்கியிருந்தது. பற்களில் பச்சைக் களிம்பு. வெயில் வந்தால் காயும், சேவர் எழும்பும். மழை வந்தால் ஊறும், விழும். எந்தப் பொட்டு முதலில் ஊறுகிறதோ அந்த டிஸ்க்கின் பெயர் பதிவேட்டில் வரும்.

குந்தியபடியே நில அளவையாளரிடம் கேட்டேன்.

"அண்ணை. உதுக்குள்ளை பொட்டு வைச்சது ஆர்?"

"நான்தான்," என்றார் அவர், ஒளிக்கிறதற்கு என்ன இருக்கிறது என்ற மாதிரி. "பூசையண்டு. நீர் எழுதித் தந்தமாதிரி ஒழுங்கா ஓஃப் பண்ணித்தான் தட்டுகளை இழுத்தனான். படம் கீறுற மெல்லிய தூரிகையாலை வைச்சனான். டிஸ்க்கிலை ஒரு சொட்டும் படேல்லை."

"பெட்டியிலை வைச்சால் காணாதோ?"

"பெட்டி சட்டை மாதிரி. ஆளுக்கு வைக்காமல் சட்டைக்குப் பொட்டு வைக்கிறதோ? நீர்தானே பிள்ளை சொன்னனீர், அந்தப் பலகைதான் மூலஸ்தானம் எண்டு." பிறகு குரல் இறங்கியது. "அப்பான்ரை புத்தகம் எல்லாத்தையும் கொளுத்திப்போட்டம். இனி எல்லாம் உதுக்குள்ளைதான். சும்மா விட மனம் வரேல்லை."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வாயைத் திறந்தேன். என்ன அண்ணை படிச்ச மனிசன் நீங்கள், ஈரச் சந்தனத்தைக் கொண்டுபோய்க் கரண்ட் ஓடுகிற இடத்தில் அப்புவதா என்று கத்த நினைத்தேன். கத்த முடியவில்லை. தட்டை இழுக்கக் காட்டிக் கொடுத்தது நான். மூலஸ்தானம் என்று பேர் வைத்தது நான். என் முன்னால் செய்திருந்தால் ஒரு வார்த்தையில் தடுத்திருப்பேன். பூசை நாளில் அந்தப் பக்கம் தலை காட்டாமல் இருந்ததும் நான். பெட்டி நெற்றியில் இருந்த பொட்டை மரியாதைக்குத் துடைக்காமல் விட்டு, உள்ளே இன்னும் நாலு இருக்குமா என்று யோசிக்காததும் நான்.

"அண்ணை," என்றேன் கடைசியில், "அடுத்த பூசைக்கு நான் நிப்பன். பூத் தந்தால் வாங்குவன். ஆனால் உதுக்குள்ளை மட்டும் கை வைக்காதேங்கோ."

அவர் அப்போதுதான் விளங்கிக்கொண்டார். கதிரையில் இருந்தவர் எழும்பி, வெளிச்சம் அடித்து உள்ளே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "நானோ பிள்ளை உதைச் செய்தனான்," என்று கேட்டார்.

நாலு டிஸ்க்கின் பற்களையும் ஸ்பிரிட் மதுசாரம் தொட்டுத் துடைத்து மற்றப் பெட்டியில் ஏற்றினேன். கையைக் கூப்பாத குறையாக விசையை அழுத்தினேன். எழும்பியது. வெளியே மழை கொட்டிக்கொண்டே இருந்தது, சேவர் விழவில்லை. முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு ஒரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தேன், அழிக்கிற கட்டளை இல்லாமல்.

நானா வந்தபோது திரை நிறையச் சின்னச் சின்னப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான வளவுகள். எல்லாம் பென்சில் கோடு, எல்லாவற்றிலும் ஒரு கிணறு. நில அளவையாளர் எப்படிக் கண்டுபிடிப்பது என்று தலையைச் சொறிந்தார்.

"ஒரு கடதாசி தாங்க," என்றார் நானா.

கொடுத்தோம். அவர் பேனையால் கீறினார். கிழக்கால் ஒழுங்கை. வடக்கால் நேர்கோடு. தெற்கு எல்லை பாதியில் உள்ளே மடிந்து திரும்பவும் வெளியே வந்தது. "பக்கத்து வீட்டு மாமரத்தை வெட்டச் சொல்லக்கூடாதெண்டு வாப்பா வேலியை வளைச்சுப் போட்டவர்," என்றார். மூலையில் கிணறு. கிணற்றடியில் ஒரு வட்டம். "இது உம்மா உடுப்புக் கழுவுற கல்லு. இது உங்கட படத்தில இருக்காது."

முப்பது வருடத்துக்கு மேல் கால் படாத வளவை அவர் கை ஒருதடவையும் நிற்காமல் கீறியது. என் சேவர் மூன்று மழைக்குத் தாங்கவில்லை.

அந்த மடிந்த தெற்கு வேலியைத் தேடினோம். நான் ஒரு திரையில், நில அளவையாளர் மற்றத் திரையில், நானா இருவருக்கும் நடுவில் நின்றபடி. மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் மூன்று மணியளவில் நானா என் தோளுக்கு மேலால் விரலை நீட்டினார். "அது." பெரிதாக்கினேன். மாமரத்துக்காக வளைந்த வேலி. கிணறு. நடுவில் கறையான் போட்ட ஓட்டை, ஸ்கேனில் கறுப்புப் புள்ளியாக. அந்த ஓட்டையைக் கண்டதும் எனக்குச் சத்தமாக அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை அடக்கவில்லை.

நில அளவையாளர் உடனே வரைதாள் எடுத்து உட்கார்ந்தார். ஞாயிறு பின்னேரம் படத்தைக் கீறி முடித்து, முத்திரை குத்திக் கையெழுத்து வைத்தார். "எத்தினை கொப்பி வேணும் நானா?" என்றார்.

"மூண்டு."

ஒன்று வழக்கறிஞருக்கு. ஒன்றை அந்த இரண்டு உறைக்குள் போட்டுச் சட்டைக்குள் வைத்தார். மூன்றாவதை மடித்து என்னிடம் நீட்டினார்.

"இது உங்களுக்குத் தங்கச்சி."

"எனக்கேன் நானா? இஞ்சை சேவரிலை இருக்குதுதானே, நான் வடிவா..." பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"கம்பியூட்டரில வேணாம். உங்கட வீட்டில வையுங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "வாப்பா தொண்ணூறில உறுதியெல்லாம் ஒரு பையில கட்டித்தான் எடுத்தவர். போற வழியில அதையும் வாங்கிப்போட்டாங்க. எங்கட கடதாசி எங்களோடயே இருந்தா, எங்களைப் போகச் சொல்ற நாளில அதுவும் போயிரும். நீங்க இங்கதான் இருப்பீங்க."

நாங்களும் தொண்ணூற்றைந்தில் ஊரோடு எழும்பிப் போனோம். ஆனால் எங்களை ஒருவரும் வேறு ஆட்கள் என்று பிரித்துத் துரத்தவில்லை, திரும்பி வந்தபோது வீடும் எங்களுடையதாகவே இருந்தது. தொண்ணூறில் எனக்குப் பத்து வயது. அவர்கள் போன அன்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் வானொலியைக் குறைத்து வைத்துக்கொண்டு இரகசியமாகக் கதைத்தார்கள். ஒருவரும் வெளியே போய் ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில்தான் தன் வளவின் படத்தை வைக்கச் சொல்கிறார் இந்த மனிதர். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு கையாலும் வாங்கினேன்.

அழியாதா என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை படத்தை ஏற்றுக்கொண்டார்கள். வழக்கு இன்னும் தவணை தவணையாக இழுபடுகிறது. சேவருக்குப் புதுப் பலகை போட்டுவிட்டேன். நானாவின் படம் எங்கள் வீட்டு அலுமாரியில், என் ஞானஸ்நானப் பத்திரத்தோடு ஒரே உறையில் இருக்கிறது. ஒவ்வொரு மழை விட்டதும் கதவைத் திறந்து, கறையான் ஏறியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கிறேன்.